மழை பெய்யும் சனி ஞாயிறுக்கு என்ன பார்க்கலாம், எதைப் படிக்கலாம்?

கேள்வி: நவம்பர் 14, வெள்ளி, மாலை 6.10

"இன்று இரவு மன்னை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வருகிறேன். டெல்டா முழுக்க மழை என்கிறார்கள். வீட்டைவிட்டு எங்கும் போக முடியாது போலிருக்கிறது. பார்க்கவும் படிக்கவும் ஏதாவது சொல்லுங்கள். நம் பக்கத்துச் சங்கதியாக இருந்தால் நல்லது. ஒரே நிபந்தனை: ஆற்றங்கரை, திண்ணை, டிகிரி காபி, சங்கீதம் வேண்டாம். நம் ஊரைப் பற்றி இதுவரை எழுதியது, எடுத்தது எல்லாமே அதுதான். சேற்றில் கால் வைத்தவனுக்கு அதில் இடமே இல்லை."

நவம்பர் 14, வெள்ளி, இரவு 8.25

தம்பி, படித்துவிட்டுத்தான் நிபந்தனை போடுகிறீர்களா, யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டா? சேற்றைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் திறந்தால் தலைமடை குடித்து மிச்சம்தானே கடைமடைக்கு வருகிறது. புத்தகங்களும் அப்படித்தான் வந்து சேருகின்றன. கும்பகோணத்துக் கதைகள் தமிழ்நாடு முழுக்கப் பாய்ந்துவிட்டன. வேதாரண்யத்துக் கதைக்கு இன்னும் முறை வரவில்லை.

நான் வலங்கைமான் பக்கம். எங்களுக்கு உரக்கடை. அடைமழை பிடித்துக்கொண்டால் மேலுரம் வாங்க ஈ காக்கை வராது. போட்ட யூரியா மறுநாளே வடிகாலில் போய்விடும் என்று சம்பா நட்டவனுக்குத் தெரியும். ஆகவே ஐப்பசி கார்த்திகையில் கல்லாவில் உட்கார்ந்து நான் படிக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

படிக்க: சா. கந்தசாமியின் சாயாவனம். மாயவரத்துக்காரர், 1960களின் கடைசியில் வந்த நாவல். வெளியே போய்ச் சம்பாதித்துத் திரும்பிய சிதம்பரம் என்கிறவன் காடாய்க் கிடக்கும் ஒரு தோட்டத்தை வாங்குகிறான். அதை அழித்துக் கரும்பாலை போடப் பார்க்கிறான். கதை இவ்வளவுதான். இதில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பெருமூச்சு விட யாருக்கும் நேரமில்லை. வேலை, வேலை, வேலை.

பார்க்க: களவாணி. 2010, சற்குணம் இயக்கியது. சிரிக்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி, இரவு 9.50

"களவாணியெல்லாம் ஒரு பரிந்துரையா" என்று ஒருவர் கேட்கிறார். ஆமாம், பரிந்துரைதான். தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்வெளியைப் படம் முழுக்கப் பின்னணியாக வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை கவிதை பேசாத படம் எத்தனை இருக்கிறது? வாய்க்கால் அங்கே பாட்டுக்கு ஓடவில்லை, தாண்டிப் போவதற்காக ஓடுகிறது.

அப்புறம் அந்தக் குடும்பம். அப்பா வெளிநாட்டில், பணம் மட்டும் வருகிறது. அம்மா ஜோசியரை நம்பிப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறாள். பிள்ளை ஊர் சுற்றுகிறான். எங்கள் தெருவில் இப்படி இல்லாத வீட்டை எண்ணுவது சுலபம். நிலம் சோறு போடும், வீடு கட்டிக் கொடுக்காது. மாடி வீடெல்லாம் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவை. டெல்டாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. இந்தப் படம் பேசுகிறது, அதுவும் நகைச்சுவையாக. சரண்யா பொன்வண்ணன் நடித்த அந்த அம்மாவுக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன்.

நவம்பர் 15, சனி, காலை 7.40

விடிய விடிய மழை. கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருக்கிறோம். வெண்ணாற்றில் தண்ணீர் செக்கச்செவேலென்று போகிறது என்று பால்காரர் சொன்னார்.

சாயாவனத்துக்கு ஒரு பின்குறிப்பு. சிதம்பரத்தை வில்லனாக நினைத்துக்கொண்டு படிக்கத் தொடங்காதீர்கள். இந்தக் காலத்தில் சுற்றுச்சூழல் நாவல் என்று ஒரு சீட்டு ஒட்டிக் கொடுக்கிறார்கள். சீட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனால், காட்டை அழிக்கிறவன் கெட்டவன் என்று முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுவோம். கந்தசாமி தீர்ப்பே சொல்வதில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு அவனே இறங்குகிறான், கொடி வெட்டுகிறான், மாளவில்லை. பிறகு தீ. அவன் உழைப்பைப் பார்க்கப் பார்க்க நமக்கே அவன் ஜெயித்துவிட வேண்டும் என்று தோன்ற ஆரம்பிக்கும். அங்கேதான் ஆசிரியர் நம்மைப் பிடித்துக்கொள்கிறார். கடைசியில் புளியைப் பற்றி ஒரு பேச்சு வரும். ஊருக்கே புளி கொடுத்த மரங்கள் போன பிறகு வரும் பேச்சு. எங்கள் மாமியார் அதைப் படித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்ப் புளிப்பானையைத் திறந்து பார்த்தார். அதற்கு மேல் விமர்சனம் எழுத எனக்குத் தெரியாது.

நவம்பர் 15, சனி, காலை 10.15

மெய்யழகனைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர், "இரண்டரை மணி நேரம் பழங்கதை பேசும் படம், தம்பியின் நிபந்தனைக்குப் பொருந்தாது" என்று முன்கூட்டியே தள்ளிவிட்டார். தள்ள வேண்டாம்.

2024 செப்டம்பரில் வந்த படம், பிரேம்குமார் இயக்கியது. முதலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. நீளம் என்று பேச்சு எழுந்ததும் சில நாட்களிலேயே பதினெட்டு நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். வெட்டியது தப்பு என்பது என் கட்சி. கதை நடக்கும் நீடாமங்கலத்தில் ஒருவன் ராத்திரியில் பேச உட்கார்ந்தால் பதினெட்டு நிமிடத்தை மிச்சம் பிடிப்பானா? அந்தப் படம் பேச்சைப் பற்றியது. பேச்சை வெட்டினால் என்ன மிஞ்சும்?

பழங்கதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதையின் அடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். பாகப்பிரிவினை. 1996இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போன குடும்பம். அரவிந்த்சாமி திரும்பி வரத் தயங்குவதற்குக் காரணம் அந்த வீடுதான். ஊர்ப்பாசம் அதற்குப் பிறகு. அண்ணன் தம்பிக்குள் நிலத்துக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடு எங்கள் தாலுகாவில் தெருவுக்கு ஒன்றாவது உண்டு. கல்யாணப் பத்திரிகை மட்டும் தபாலில் வரும். அதை எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று முகூர்த்தத்துக்கு முதல் நாள் வரை வீட்டில் சண்டை நடக்கும்.

அப்புறம் அந்தப் பெயர் விவகாரம். கல்யாண மண்டபத்தில் ஒருவன் "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொண்டே வருகிறான். அரவிந்த்சாமிக்கு அவன் யார் என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். இப்படி ஒரு சாதாரண சங்கடத்தை வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் ஓட்டியிருக்கிறார்கள். எனக்குக் கல்யாண வீடு என்றாலே இந்தப் பயம்தான். யாராவது கையைப் பிடித்துக்கொண்டு "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டால், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பொதுவாக ஒன்று கேட்டுவைப்பேன். ஒரு தடவை அப்படிக் கேட்ட ஓர் அம்மாள், "எனக்கு ஏது பிள்ளைகள்?" என்று கேட்டுவிட்டார்.

மணமேடையில் அண்ணன் கொண்டுவந்ததைத் தங்கை அங்கேயே பிரித்துப் பார்க்கும் இடம் வரும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். சைக்கிளைப் பற்றி நான் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 15, சனி, காலை 10.40

மறந்துபோவதற்குள் ஒன்று. மெய்யழகனில் சாதி எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இல்லை. அத்தனை அன்பான ஊரில் சேரி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேமரா திரும்பிப் பார்க்கவில்லை. அழுது முடித்த பிறகு எனக்கும் அது உறுத்தியது. மாலையில் எழுதுகிறேன்.

நவம்பர் 15, சனி, பகல் 1.30

மின்சாரம் போய்விட்டது. இன்வெர்ட்டரில் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும்தான். இனிமேல் படிக்க மட்டும்.

உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம். தம்பி இப்போது சிரிக்கிறார் என்று தெரிகிறது. திண்ணை வேண்டாம் என்று சொன்னால் திண்ணைப் பள்ளிக்கூடத்தையே எடுத்துக் கொடுக்கிறாளே என்று. அவருடைய சொந்த ஊரான உத்தமதானபுரம் எங்கள் பக்கத்து ஊர். அந்தச் சலுகை எனக்கு உண்டு.

அதைச் சங்க இலக்கியம் தேடிய பெரியவர் ஒருவரின் வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பசித்த பையன் ஒருவன் ஊர் ஊராகப் பாடம் கேட்கப் போன கதையாகப் படியுங்கள். சாப்பாடு எந்த வீட்டில், யார் தயவில், எத்தனை நாளைக்கு என்ற கவலை பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். ஒரு பையனுக்குப் பாடம் நடக்க வேண்டுமென்றால் எத்தனை பேர் மனசு வைக்க வேண்டியிருந்தது என்று எண்ணிக்கொண்டே வரலாம்.

1871இல் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேருகிறார். பிள்ளையவர்களுக்குச் செடி கொடிகளின் மேல் கொள்ளை ஆசை. வீட்டுக் கொல்லையில் வைத்த மரங்கள் எங்கே தளிர் விட்டிருக்கின்றன என்று காலையில் சுற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். பையன் இதைக் கவனித்துவிடுகிறான். அவருக்கு முன்னால் எழுந்து கொல்லைக்குப் போய், எந்தக் கிளையில் புதுத் தளிர் வந்திருக்கிறது என்று தேடி வைத்துக்கொள்கிறான். ஐயா வந்ததும் காட்டுகிறான். ஐயா மனம் குளிர்கிறது. பாடம் நடக்கிறது. இதை அவர் ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறார். ஆசிரியரைக் கைக்குள் போட்டுக்கொள்ள ஒரு மாணவன் செய்த தந்திரங்களில் இவ்வளவு அழகானதை நான் படித்ததில்லை. நடுவில், அந்தப் பையனுக்கும் உண்மையிலேயே தளிர் பார்க்கும் ஆசை வந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகமும் வரும்.

புத்தகம் தலையணை கனம். பயப்பட வேண்டாம். விகடனில் 1940இல் தொடங்கித் தொடராக வந்தது, சின்னச் சின்ன அத்தியாயங்கள். மாயூரத்தில் தொடங்கிப் பிள்ளையவர்கள் காலமாகிற 1876 வரை படித்தாலே போதும். அதற்குப் பின் 1880இல் கும்பகோணம் கல்லூரி, சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணிப் பதிப்பு என்று போகும் பகுதியை எல்லோரும் மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

நவம்பர் 15, சனி, மாலை 5.20

காலையில் விட்ட இடத்துக்கு வருகிறேன். வெண்மணி.

சனி ஞாயிறுக்கு இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை இரவு எழுதியபோது வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். ஊருக்கு ஓய்வுக்கு வருகிற பிள்ளைக்கு இது எதற்கு என்று. ஆனால் "சேற்றில் கால் வைத்தவனுக்கு இடமே இல்லை" என்று சொன்ன ஒருவருக்கு இதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொன்னால் என்ன அர்த்தம்?

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கேட்டது நெல்லில் ஒரு சின்ன உயர்வு.

பார்க்க: பாரதி கிருஷ்ணகுமாரின் ராமையாவின் குடிசை, ஆவணப்படம், 2005. படிக்க: இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல். சாகித்திய அகாதெமி விருது 1977. இந்த வரிசையிலேயே. முதலில் படம், பிறகு நாவல்.

காரணம் இருக்கிறது. நாவல் நன்றாக ஓடும், ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையை ஒரு காரணமாக்கி வைத்திருக்கிறார் இ.பா. வெளிவந்த காலத்திலேயே இடதுசாரிகள் சண்டைக்கு வந்தார்கள். என் வாக்கும் அவர்களுக்குத்தான். கூலிக்கும் நிலத்துக்கும் நடந்த சண்டையை ஒரு மனிதரின் அந்தரங்க நோயாகச் சுருக்கினால் மற்ற மிராசுதார்களெல்லாம் நல்லவர்களாகிவிடுகிறார்கள். படத்தை முதலில் பார்த்துவிட்டால், நாவலைப் படிக்கும்போது எது நடந்தது, எது ஆசிரியர் சேர்த்தது என்று கேட்டுக்கொண்டே போகலாம். அப்படிப் படித்தால் அது பெரிய நாவல்தான். கெட்டியான கேள்வியைக் கிளப்புகிற புத்தகத்தை, விடை சரியில்லை என்பதற்காக ஒதுக்கக்கூடாது.

இதே நாவலை வைத்து 1983இல் கண் சிவந்தால் மண் சிவக்கும் என்று ஸ்ரீதர் ராஜன் படம் எடுத்தார். அதையும் சேர்த்துக்கொண்டால் சனிக்கிழமை முழுக்கப் போய்விடும். வேண்டாம், இன்னொரு நாளைக்கு.

நவம்பர் 15, சனி, இரவு 7.05

"ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, குழந்தை தூங்கும் நேரம்" என்று ஒரு பெண் எழுதியிருக்கிறார். அம்மா, உங்களுக்குத்தான் சரியான ஜோடி கைவசம் இருக்கிறது. தி. ஜானகிராமனின் பாயசம் சிறுகதை, கால் மணி நேரம். அதை வைத்து, ரசத்துக்கு ஒரு படமாக வந்த 2021 நவரசா தொகுப்பில் வசந்த் எடுத்த குறும்படம், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. டெல்லி கணேஷ்தான் சாமநாது.

அண்ணன் மகன் நன்றாக வாழ்வதைப் பொறுக்காத பெரியவர், அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறார். அவ்வளவுதான் சொல்வேன். கதையை முதலில் படியுங்கள். பாயச அண்டாவின் பக்கத்தில் அவர் போய் நிற்கும்போது நமக்கும் கை துறுதுறுக்கும். அதுதான் ஜானகிராமன் செய்கிற குறும்பு. அந்தத் தொகுப்பில் இந்தப் படத்துக்கு அருவருப்பு என்ற ரசத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. இது முழுக்க வயிற்றெரிச்சல். ரசங்களில் அதற்கு இடம் கொடுக்காதது நாட்டிய சாஸ்திரம் எழுதிய பரதரின் குறை.

தம்பி, திண்ணையும் காவிரியும் இதில் உண்டு. நிபந்தனையை இந்த ஒரு தடவை தளர்த்துங்கள். அக்ரகாரத் தெருவைக் கொண்டாடுகிறவர் என்று எல்லோரும் பிடித்து வைத்திருக்கிற ஆளே அந்தத் தெருவின் மனசைத் திறந்து காட்டுவது இங்கே இருக்கிறது.

நவம்பர் 15, சனி, இரவு 9.30

கும்பகோணம் என்றாலே அக்ரகாரம் என்று ஒருவர் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். எம்.வி. வெங்கட்ராமின் வேள்வித் தீ படித்துவிட்டு வாருங்கள். சௌராஷ்டிரர்கள், பட்டுத்தறி, கூலி, கடன். அந்த ஊரின் தறிச் சத்தம் கேட்கும்.

அப்புறம், பெண்கள் எழுதியது ஏதும் இல்லையா என்ற கேள்வி. காலையிலிருந்து அதற்காகவே ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். சு. தமிழ்ச்செல்வியின் அளம். நான் முதலில் சொன்ன கடைமடை இதுதான். வேதாரண்யத்து உப்பளம். கணவன் கப்பலேறிப் போய்விடுகிறான். சுந்தராம்பாள் மூன்று பெண்களோடு தனியே நிற்கிறாள். இந்த நாவலில் நெல்லைவிட உப்பும் காட்டுக் கிழங்கும் கீரையும் அதிகம். பஞ்சத்தில் எதைப் பறித்தார்கள், எப்படி அவித்தார்கள், எது கசந்தது, எது வயிற்றைத் தாங்கியது என்று அவர் எழுதுவதைப் பார்த்தால், பசியைத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது போல இருக்கும். டெல்டா என்றால் நெற்களஞ்சியம் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோமே, அந்தக் களஞ்சியத்தின் கோடியில் இப்படி ஒரு குடும்பம்.

கஜா புயல் 2018 நவம்பர் 16இல் அந்தப் பக்கம்தான் கரையேறியது. நாளைக்கு அந்தத் தேதி. எங்கள் ஊரில் தென்னைகள் சில விழுந்தன. அங்கே தோப்புகளே போயின. அளம் படித்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர்கள் செய்தியில் வந்தபோது வேறு மாதிரிக் கேட்டிருக்கும்.

நவம்பர் 16, ஞாயிறு, காலை 8.10

மழை விட்டிருக்கிறது. மின்சாரமும் வந்துவிட்டது. இட்லிக்குக் கடப்பா வைத்திருக்கிறேன். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காயோடு சோம்பு அரைத்து ஊற்றி, கடைசியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கும்பகோணத்தைத் தாண்டினால் இதற்கு மரியாதை இல்லை. இதையும் தலைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், காலையில் என்ன சாப்பிடலாம் என்று.

இன்றைக்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒரு படம். தில்லானா மோகனாம்பாள். சங்கீதம் வேண்டாம் என்றவர் மாடிக்குப் போய் அளம் படிக்கட்டும்.

ஏ.பி. நாகராஜன், 1968. சிக்கல் நாதஸ்வரக்காரருக்கும் திருவாரூர் ஆட்டக்காரிக்கும் போட்டி. சிவாஜி ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. ஊதியவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். டெல்டாவின் பெருமையை மதுரைக்காரர்கள் ஊதிக் கொடுத்தார்கள் என்று எங்கள் ஊர் நாதஸ்வரக்காரர் இன்னும் குறைப்படுகிறார். ஆனால் சிவாஜியின் கழுத்தைப் பாருங்கள். முகத்தை எல்லோரும் பார்க்கிறோம், கழுத்தைப் பாருங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது நரம்பு புடைப்பதும், நீண்ட பிடி முடிந்ததும் தோள் இறங்குவதும், துளைகளின் மேல் விரல் பாதி மட்டும் திறப்பதும். வாசிக்கத் தெரிந்த எங்கள் ஊர்க்காரரே விரலில் குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் பொட்டு சரியில்லை, செட் சரியில்லை என்று வேறு எதையாவது சொல்வார். பாலையாவின் தவில் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு, காலை 8.45

எழுதிவிட்டு எழுந்தபோது உறைத்தது. சிக்கலும் கீழ்வெண்மணியும் இப்போது ஒரே நாகப்பட்டினம் மாவட்டம். அப்போது ஒரே தஞ்சாவூர் மாவட்டம். படம் வந்த வருடமும் வெண்மணி எரிந்த வருடமும் 1968. கொட்டகையில் நலந்தானா என்று கேட்டுவிட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அதே வருடத்துக் கடைசியில். படத்தைப் பார்க்காதே என்று சொல்ல வரவில்லை. நேற்று மாலை சொன்ன ஆவணப்படத்தையும் இன்றைய படத்தையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். ஒன்று இல்லாமல் மற்றொன்றைப் பார்த்தவர்கள்தான் டெல்டாவைப் பற்றி அரைகுறையாகப் பேசுகிறார்கள். தம்பி, அந்தப் பட்டியலில் உங்களையும் சேர்க்கிறேன், உங்கள் எதிர்க்கட்சியையும் சேர்க்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு, பகல் 12.20

உரக்கடைக்காரி கல்லாவில் உட்கார்ந்து என்னதான் படிக்கிறாள் என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். போன மாதம் இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வாரின் உழவுக்கும் உண்டு வரலாறு படித்தேன். தஞ்சாவூர் மாவட்டத்து இளங்காட்டுக்காரர். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராக நடந்தவர். அவர் சொல்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்ட என்னால் முடியாது, என் அரிசி யூரியா மூட்டையிலிருந்து வருகிறது. ஆனாலும் மண்ணைப் பற்றி இவ்வளவு எளிமையாகப் பேசிய தமிழ் உரைநடை அபூர்வம். சண்டை போட்டுக்கொண்டே படிக்கலாம்.

புத்தகம் மேசையில் கிடந்தது. உரம் வாங்க வந்த ஒருவர், எங்கள் வீட்டுக்காரர் பில் போட்டு முடிப்பதற்குள் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இரண்டு மூட்டை வேண்டாம், ஒன்று போதும்" என்றார். அன்றிலிருந்து அந்தப் புத்தகம் வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்று உத்தரவு.

நவம்பர் 16, ஞாயிறு, மாலை 4.50

தம்பி பதில் எழுதிவிட்டார். சாயாவனம் நாற்பது பக்கம் படித்ததும் தூங்கிவிட்டாராம். மெய்யழகன் அம்மாவோடு பார்த்தாராம், அம்மா அழுதார்களாம், இவர் அழவில்லையாம். சரி, அழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பாயசம் பிடித்திருக்கிறது. "இதில் திண்ணை இருந்ததையே கவனிக்கவில்லை" என்று ஒரு வரி. அதைத்தானே, தம்பி, நான் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாயாவனத்தில் அந்த நாற்பது பக்கத்துக்கு மேல்தான் அரிவாள் வேலை சூடு பிடிக்கும். ரயிலில் கொண்டுபோங்கள்.

ரயிலில் சிரித்துக்கொண்டு போக வேண்டுமென்றால் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம். 1879, தமிழின் முதல் நாவல், எழுதியவர் மாயூரத்தில் முன்சீப். பாடப்புத்தகத்தில் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நாம் யாரும் திறப்பதில்லை. கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள். கணவன் அசடு. நடுநடுவே முன்சீப் ஐயா கதையை நிறுத்திவிட்டு உபதேசம் செய்வார். அந்தப் பக்கங்களைக் கூசாமல் தாண்டுங்கள், அவருக்கே தெரிந்திருக்கும். இதுவும் இணையத்தில் இலவசம்.

நவம்பர் 16, ஞாயிறு, இரவு 7.15

கடையில் கூட்டம். மழை விட்ட செய்தி வயலுக்குப் போய்விட்டது, தண்ணீரை வடித்துவிட்டு உரம் போட வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம். அதனால் மிச்சக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

மோகமுள் நாவலா படமா? நாவல். ஞான ராஜசேகரன் 1995இல் எடுத்த படம் கண்ணியமான முயற்சி. ஆனால் ரங்கண்ணாவின் பாட்டுப் பாடத்தைப் படித்துக் கேட்க வேண்டும்.

நடந்தாய் வாழி காவேரி படிக்கலாமா? ஜானகிராமனும் சிட்டியும் தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை போன பயணம். படிக்கலாம், ஆனால் வெயில் காலத்தில். ஆறு காய்ந்து கிடக்கும்போது படித்தால்தான் கோபம் வரும்.

தஞ்சை பிரகாஷின் கதைகள்? பெரியவர்கள் மட்டும், தனியாக.

பொன்னியின் செல்வன் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஐந்து பாகம், இரண்டு படம். கல்கி முதல் பக்கத்தில் ஆடிப்பெருக்கன்று வீராணத்தங்கரையில் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். படத்துக்காகத் தாய்லாந்து வரைக்கும் போனார்கள். ஒரு சனி ஞாயிறில் இரண்டும் ஆகாது. பொங்கலுக்கு நாலு நாள் விடுமுறை வருகிறது, அப்போது கேளுங்கள். இப்போது என்னை உரம் அளக்க விடுங்கள்.